ஒன்பதாம் அத்தியாயம்

நாவலில் கப்பல் மூழ்குகிறது.
நூற்று முப்பது வருஷமாக மூழ்குகிறது,
பெயர்த்த எல்லா மொழிகளிலும்,
ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில்.
பையன் ஒரு பலகையைப் பிடித்தபடி
விடியும்வரை மிதக்கிறான்.
ஆறாம் வகுப்பில், அந்த இடத்தில் புத்தகத்தை மூடி
அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினேன்.
ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

படமெடுக்க வந்தபோது எங்களிடம் இருந்தவை
கடலூர் முதுநகர், உப்பனாறு,
பதினெட்டு நாள், கைமாற்றாகக் கொஞ்சம் பணம்.
கதையின் மூடுபனிக்கு
மாநகராட்சியின் கொசுமருந்துப் புகை வண்டி.
புதையல் பெட்டிக்கு
துறைமுகத்து ஐஸ் பெட்டி, வார்னிஷ் இரண்டு கோட்;
மூடியைத் திறந்தால்
தங்கக் காசுக்கு முன்னால் கவளை வாடை எழும்பும்.
கப்பலுக்கு
சிங்காரத்தோப்பு அஞ்சலாட்சியின் விசைப்படகு.

பெயரை அழிக்க அவள் விடவில்லை.
அங்காளம்மன் துணை என்பதன் மேல்
ஒரு துணியை இழுத்துக் கட்டி
சாம்பல் நாரை என்று எழுதிக்கொண்டோம்.
காற்றடித்தால் நாரை படபடத்து விலகும்,
அம்மன் எட்டிப் பார்ப்பாள்.
கட். மறுபடி.

பன்னிரண்டாம் நாள் யாரோ கதையைச் சொல்லிவிட்டார்கள்.
ஐஸ் உடைக்கும் கட்டையோடு வந்து நின்றாள்.

"எம் படக முழுகடிக்கப் போறியாமே?"

நிஜமாக இல்லைம்மா.
பாண்டிச்சேரியில் ஒரு தண்ணீர்த் தொட்டி,
அதில் மூன்றடி நீளத்துக்கு ஒரு பொம்மை.

"அதுக்கும் இதே மூக்கு வெப்பியா?"

வைப்போம்.

"பாக்குறவன் இதுன்னுதான நெனப்பான்?"

அதற்குத்தானேம்மா சினிமா.

"அப்ப இதுதான் அது.
தானே புயலுக்கே முழுகாதத
நீ தொட்டியில வுட்டு முழுகடிப்பியா?"

டைரக்டர் திரைக்கதையை விசிறியாக்கி
வானத்தைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தார்.
நான்தான் பேசினேன்: மூலம் என்பது,
தழுவல் என்பது, காட்சி மொழி என்பது...
பேசப் பேச எனக்கே உறைத்தது,
எங்கள் தொழிலை அவளைப்போல் நம்பியவர்
அந்த யூனிட்டில் ஒருவரும் இல்லை.

ஆக, படத்தில் கப்பல் மூழ்காது.
முகத்துவாரத்தில் மணல் தட்டி
ஒருபக்கம் சாய்ந்து நிற்கும்.
ராத்திரி முழுக்க மிதக்க வேண்டிய இளம்பரிதி
(நீச்சல் தெரியாதவன், அன்றைக்குப் பிரியாணி இரண்டு தட்டு சாப்பிட்டான்)
முழங்கால் தண்ணீரில் இறங்கி
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
சேற்றில் நடந்து கரைக்கு வருவான்.

கோழைத்தனம் என்று எழுதினார்கள்.
குழந்தைகளுக்கு மரணத்தைக் காட்ட
ஏன் இத்தனை பயம் என்று கேட்டார் ஒருவர்.
கதையின் முதுகெலும்பை உருவிவிட்டதாக
ஒரு பேராசிரியர் நான்கு பத்திக்கு வருத்தப்பட்டார்.
எல்லாம் சரிதான்.
யாருக்கும் பதில் போடவில்லை.

தோப்பு சமுதாயக்கூடத்தில்
வேட்டி ஒன்றைத் திரையாக்கி
ஊருக்கு ஒருநாள் போட்டுக் காட்டினோம்.
மணல் தட்டிய இடத்தில் விசில்.
விசில் அடங்குவதற்குள்
மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி எழுந்துவிட்டாள்.
"தப்பு! புக்குல முழுகிடும்!
லைப்ரரியில எடுத்து நான் படிச்சேன்!"

அஞ்சலாட்சி திரும்பினாள்.
கூடமே திரும்பியது.

"எழுதுனவன் அப்டி எழுதியிருப்பான்.
பாவம், அவனுக்குன்னு ஒரு படகு இருந்திருக்காது."

சிரிப்பு ஓய நேரமாயிற்று.
அதற்குள் அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்திழுத்து
தன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள்.
திரையில் என் படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க,
குனிந்து, யாருக்கும் கேட்காதபடி:

"சரி சொல்லு.
முழுகுனப்புறம்
அந்தப் பையன் இன்னா ஆனான்?"